மிச்சப் பொட்டலம்

"ஏண்டி பழனாத்தா, மூஞ்சியெ இப்படித் தூக்கி வெச்சிருக்கறே? என்ற புள்ளைக்கு மாப்பிளை வந்தா உனக்கு வயிறு எரியுதாக்கு!"

நாச்சம்மாளின் அம்மா ராமாத்தாள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூடியிருந்த பெண்களும் சிரித்தார்கள். பழனாத்தாள் குனிந்து கூடையில் பூவைப் பொறுக்கினாள்.

வயிறு எரிந்தது உண்மைதான். ஆனால் எரிச்சலெல்லாம் பொள்ளாச்சியிலிருந்து ஜாவா மோட்டார் சைக்கிளில் வந்து, தூணில் சாய்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்த அந்த மாப்பிள்ளை மேல். நேற்று முளைத்தவன்! எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாச்சம்மாளை அவனுக்குத் தூக்கிக் கொடுக்கப் போகிறார்கள்.

இதை யாரிடம் சொல்வாள்? போன வருஷம் இரண்டு பேரும் கை கோத்து நடந்ததைப் பார்த்து, "புருசன் பொண்டாட்டியாட்டத் திரியறாளுக, தூ!" என்று ஒருத்தி காறித் துப்பினாள். அன்றிலிருந்து தெருவில் நாலடி தள்ளியே நடக்கிறாள் பழனாத்தாள். சரியாகச் சோறு இறங்குவதில்லை. தனக்கு மட்டும்தான் இந்தக் கோளாறு, நாச்சம்மாளுக்கு அப்படியெல்லாம் இருக்காது என்று தானே முடிவுகட்டிக்கொண்டாள். இப்போது பாருங்கள், மாப்பிள்ளை வீட்டாரோடு அவள் எப்படிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள்!

சம்பந்தம் முடிவாகுமுன் அம்மனிடம் பூக் கேட்பது அங்கே வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் கல்யாணம். சிவப்பு வந்தால் பேச்சு அதோடு சரி. பொட்டலம் மடிப்பது, கோயிலுக்குப் பூக் கட்டும் பழனாத்தாள் வீட்டு முறை.

இரண்டிலும் சிவப்பை வைத்துவிட்டால் என்ன?

வைத்தும் விட்டாள். இலையை மடிக்கும்போது மறுபடியும் நாச்சம்மாளின் சிரிப்பு கேட்டது. அவளுக்குப் பிடித்திருக்கிறது, கெடுக்க நான் யார் என்று தோன்றிவிட்டது. ஒரு சிவப்பை எடுத்துப் போட்டு, வெள்ளையை வைத்து மடித்தாள்.

"குடு, நானே கொண்டோயி வெக்கறேன்." நாச்சம்மாள் வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். அம்மனுக்கான செவ்வரளிச் சரமும் அதே தட்டில்தான் இருந்தது. கல்யாணத்துக்கு என்ன அவசரம் பார் இவளுக்கு என்று பழனாத்தாள் மனசுக்குள் பொருமினாள்.

குழந்தை எடுத்த பொட்டலத்தில் சிவப்பு.

மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போன மறு நிமிஷமே ராமாத்தாள் பாய்ந்து வந்தாள். "வயித்தெரிச்சல்ல ரெண்டுலயும் செவப்பெ வெச்சுட்டியாடி? அந்த மிச்சப் பொட்டணத்தெப் பிரிடி, பாக்கலாம்!"

"தாராளமாப் பிரிச்சுப் பாருங்க பெரியம்மா. அம்மன் சத்தியமா அதுல வெள்ளைதானுங்க இருக்குது!"

ராமாத்தாள் கையை நீட்டுவதற்குள் நாச்சம்மாள் அதைப் பறித்து, கோயிலை ஒட்டி ஓடிய வாய்க்காலில் வீசிவிட்டாள். "அம்மன் சொன்னதுக்கப்பறம் மிச்சத்தெப் பிரிச்சுப் பாத்தா சாமி குத்தமாயிரும்மா. வுடு."

ராமாத்தாள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தாள். பழனாத்தாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மண்டபம் காலியானதும் கேட்டேவிட்டாள்.

"ஊரு என்ன வேணா சொல்லட்டும். நீயுமா என்னெ நம்பலெ? ஒழுங்கா வெள்ளையெத்தான்டி வெச்சேன்!"

"தெரியும்" என்றாள் நாச்சம்மாள். நாலடி தள்ளி நின்றிருந்தவளின் பக்கத்தில் வந்து, தாவணி முந்தியில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள்.

உள்ளே, கசங்கிப்போன ஒரு வெள்ளை அரளி இருந்தது.