பதினாலாம் பக்கம்

"நர்ஸம்மா, எழுதிக்கோங்க. காலையில விக்கல். மத்தியானம் உள்ளங்கால் எரிச்சல். இப்போ நெஞ்சு நின்னு நின்னு ஓடுது."

மனைவிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன். ஒரு நாள் முதுகுவலி என்று சொன்னதில்லை. புற்றுநோய்க்கு இருந்த மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு, கெஞ்சிக் கூத்தாடி இந்தப் புது மருந்துச் சோதனையில் அவள் இடம் வாங்கினாள். இங்கே வந்து வாய் நீளுகிறது.

நர்ஸ் நகர்ந்ததும் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்குன்னு டாக்டர் நேத்துதான் சொன்னார். இப்படிப் புலம்பினா மருந்தை நிறுத்திடுவாங்க. வாயை மூடிட்டுப் படுங்களேன்!"

"இருக்கிறதைச் சொன்னேன்."

"அதைத்தான் சொல்லாதீங்கங்கறேன்!"

எதிர்க் கட்டில் மீசைக்காரர் சிரித்தார். அடுத்த வாரம் அதே மருந்தை ஏற்றிக்கொள்ளப் போகிறவர். வந்த நாளிலிருந்து டிவி ரிமோட்டுக்காக இவரோடு மல்லுக்கட்டு.

"என்ன டிரைவரே, ஒரு ஊசிக்கே இந்த ஒப்பாரியா? எனக்கெல்லாம் குடம் குடமா ஏத்தினாலும் அசைய மாட்டேன்."

"தெரியும். நாலு பேர் சேர்ந்து தூக்கினாலும் அசைய மாட்டே."

மறுநாள் அவள் பயந்தது நடந்தது. டாக்டர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஐயா, உங்க இதயம் தாங்கலை. மருந்தை நிறுத்தறோம். நல்லவேளை சொன்னீங்க. அடுத்த வாரம் மூணு பேருக்கு இதைப்போல ரெண்டு மடங்கு ஏத்தறதா இருந்தோம். இனி குறைச்சுத்தான்."

"தெரியும். நான் சொல்றதை வெச்சுத்தான் அடுத்தவங்களுக்கு அளவுன்னு பதினாலாம் பக்கத்துல போட்டிருக்கே."

டாக்டர் விழித்தார். சம்மதப் படிவத்தைக் கையெழுத்துக்கு முன் முழுக்கப் படித்த ஆளை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"நிறுத்திடுவீங்கங்கறதும் அதே பக்கம்தான்," என்றார் டிரைவர்.

வார்டுக்குத் திரும்பிப் பையைக் கட்டினார்கள். அவள் எதிர்க் கட்டிலைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"கிளம்பியாச்சா?" மீசைக்காரர் குரல் கொடுத்தார். "விட்டுது சனியன்! ரிமோட்டை வெச்சுட்டுப் போ."

அவளுக்குப் பொறுக்கவில்லை. வாயெடுத்தாள். டிரைவர் அவள் கையை அழுத்தினார்.

"மூச்சு விடாதே," என்றார் காதோடு. "நன்றி சொல்றேன்னு வீட்டுக்கே வந்து உயிரை எடுப்பான்."