ஒசாகா கேசட்

பெரியநாயக்கன்பாளையம் தபால்காரர் அந்த மாதமும் கிரிதர் பெயருக்கு ஒரு பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒசாகாவிலிருக்கும் பேனா நண்பன் கென்ஜி, இன்னொரு ஜப்பானிய ராக் குழுவின் கேசட்டை அனுப்பியிருந்தான்.

கூடவே வந்த ஆங்கிலக் கடிதத்தை அப்பா ராமுலு பிரித்துப் படித்தார். 'போன மாதம் அனுப்பிய குழுவுக்கு டிரம்ஸ்தான் உயிர் என்று எழுதியிருந்தாய். இவர்களையும் கேட்டுப் பார்.'

"போதும் அம்மணி," என்றார் மனைவியிடம். "இனி நீ பதில் எழுத வேண்டாம். கிரி தவறி எட்டு மாசமாச்சுன்னு அந்தப் பையனுக்குச் சொல்லிப்போடலாம்."

வரலட்சுமி அவரையே பார்த்தாள். "நான் கேசட்டைப் போட்டுக் கேக்கறதோட சரிங்க. நீங்கதான் எழுதறீங்கன்னு நெனச்சேன்."

"நான் எழுதலியே."

அந்த வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. ராமுலு கடிதத்தைத் திருப்பினார். பின்பக்கத்திலும் சில வரிகள் இருந்தன.

'உன் அறையில் அம்மா பாட்டுக் கேட்கும்போது, சாத்திய கதவுக்கு வெளியே அப்பா நின்று அழுகிறார் என்று எழுதியிருந்தாயே. ஏன் அழுகிறார்?'

அவர் அப்படி நிற்பது வரலட்சுமிக்கே தெரியாது.