களிமண் உருண்டைகள்

பர்மாவில், தன்லியின் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் பின்னால், மழைநீர் தேங்கிய வயலில் வெயில் சாய்கிறது. சம்புப் புதர் மறைவில் பாக்கியநாதன் உண்டிவில்லோடு குந்தியிருக்கிறான். இன்றைக்குக் கறி வாங்காதே என்று மனைவியிடம் வீறாப்பாகச் சொல்லி வந்தவன். அவள் மசாலா அரைத்து வைத்திருப்பாள். முதல் வாத்துக் கூட்டம் இறங்கும்போது, கூட வந்த பிள்ளைகளில் சின்னவன் தும்மி விரட்டினான். அடுத்த கூட்டத்தைப் பார்த்துக் கைதட்டினான். “ஒங்கள கூட்டியாந்தேன் பாரு, என்னச் சொல்லணும்.” பிறகு, சத்தம் போடாதே என்பதை “தெய்தெய் நே” என்று பர்மியில் அதட்டுகிறான், தமிழில் சொன்னால் பிள்ளைகளுக்கு உறைப்பதில்லை. ஐந்து வயது ஜெனிட்டா மட்டும் அவன் முதுகுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் இருக்கிறாள். காய்ந்த களிமண் உருண்டைகளை அவளிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறான். கொசு காதைக் குடைகிறது. செம்மை மங்கும் நேரத்தில் காட்டு வாத்துகள் சீழ்க்கையடித்தபடி தாழ்ந்து, கல்லெறி தூரத்தில் இறங்குகின்றன. கண்ணை எடுக்காமல் கையைப் பின்னால் நீட்டுகிறான். “உருண்ட குடு.” கை வெறுமனே நிற்கிறது. திரும்புகிறான். புல்லை வளைத்து அவள் ஒரு கூடு கட்டியிருக்கிறாள்; உருண்டைகள் எல்லாம் அதற்குள், ஈரத்தில் பாதி கரைந்து கிடக்கின்றன. அவன் கை அங்கே நீளவும், அவள் உதட்டில் விரல் வைக்கிறாள். “தெய்தெய் நே, அப்பா. முட்டைக்கு அம்மா வந்துருச்சு.”