மூணும் ஒண்ணுதான்

சுமதி மூன்றாவது கிளாஸையும் மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, மூச்சை நீளமாக இழுத்தாள். பிறகு ஒரு வாய் குடித்து, நாக்கில் நிறுத்தி, மெதுவாக விழுங்கினாள்.

வாசலூர்பட்டி படகு இல்லத்துக்குப் பக்கத்து விடுதியில், பட்டப்பகலில், ஒரு பெண் பீர் குடிக்கிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஜன்னல் முழுக்கத் தலைகள். துணைக்கு வந்திருந்த அண்ணன் மனைவி பாவாயி அந்தத் தலைகளை முறைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

பெங்களூரில் பீர் காய்ச்சும் முருகானந்தம், கொல்லிமலைக் கேழ்வரகை முளைகட்டி வறுத்துக் காய்ச்சிய புதுச் சரக்கோடு வந்திருந்தார். கருப்பட்டிப் பாகு நிறம், கெட்டியான நுரை, சாதாரண பீரைவிட இரண்டு மடங்கு போதை. ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் ருசி பார்த்துச் சொல்ல அவருக்கு ஓர் ஆள் தேவை. சம்பளத்தோடு தங்க இடமும் உண்டு. கேழ்வரகோடு பழகிய மலை ஆள்தான் வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

மலை ஊரான வளப்பூர் நாட்டில் அவருக்குக் கேழ்வரகு வறுத்துக் கொடுப்பவள் சுமதி. அடுத்த மாதம் அங்கே வறுக்கும் மெஷின் வந்து இறங்குகிறது. இந்த வேலை கிடைக்காவிட்டால் மலையிறங்கிச் சித்தாள் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

போட்டிக்கு யுவராஜும் சசிகுமாரும் வந்திருந்தார்கள். பீர் குடிப்பதற்குப் பட்டம் கொடுப்பதென்றால் இருவரும் எப்போதோ டாக்டர் ஆகியிருப்பார்கள். மூன்று கிளாஸில் இரண்டு ஒரே சரக்கு, ஒன்று வேறு, எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று முருகானந்தம் முதலிலேயே சொல்லிவிட்டார்.

நடு கிளாஸ்தான் வேறு, அதில் வறுத்த வாசம் தூக்கலாக இருக்கிறது என்றான் யுவராஜ். இல்லை, கடைசி கிளாஸ், அதன் இனிப்பில் பலாச்சுளை மணக்கிறது என்று சசிகுமார் கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். இரண்டு பேருக்கும் முருகானந்தம் தலையாட்டினார்.

"நீங்க சொல்லுங்க அம்மிணி."

"மூணும் ஒண்ணுதானுங்க."

சசிகுமார் வாய்விட்டுச் சிரித்தான். ஒன்று வேறு என்று நானே சொன்ன பிறகு இதென்ன பதில் என்று முருகானந்தம் முகத்தைச் சுளித்தார். இன்னொரு தடவை குடித்துப் பார்க்கச் சொன்னார். குடித்தாள். பதில் மாறவில்லை. சற்று நேரம் வெளியே உட்கார்ந்து, யோசித்துவிட்டு வரச் சொல்லி எல்லோரையும் அனுப்பினார்.

விடுதியின் பின்பக்கம் பலாப்பழங்கள் குவியலாக விழுந்து அழுகிக் கிடந்தன. அங்கே இருந்தது ஒரே ஒரு பெஞ்ச், அதுவும் குவியலை ஒட்டி. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மதிலோரம் ஒதுங்கினார்கள். "தான் புடிச்ச மொசலுக்கு மூணே காலுன்னு நிக்கிறா பாரு" என்று அங்கிருந்து சசிகுமார் சத்தமாகவே சொன்னான்.

சுமதி விறுவிறுவென்று நடந்துபோய் அந்த பெஞ்சிலேயே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து, அவனைப் பார்த்தபடியே சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பாவாயி கெஞ்சினாள். ஏதாவது ஒரு கிளாஸைக் காட்டிவிட்டுப் போனால்தான் என்ன, அதிர்ஷ்டம் இருந்தால் வேலை கிடைக்கும் என்றாள். சுமதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குருட்டாம்போக்கில் கைகாட்டிப் பிழைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். யுவராஜும் சசிகுமாரும் தங்கள் பதிலையே திருப்பிச் சொன்னார்கள். சுமதி நாற்காலியில் உட்காரவில்லை.

"கடைசியாக் கேக்கறேன் அம்மிணி. காய்ச்சுன எனக்கு வித்தியாசம் தெரியுது. உங்களுக்குத் தெரியலீங்களா?"

"காய்ச்சுனது நீங்களா இருக்கலாமுங்க. குடிச்சது நானுங்க. மூணும் ஒண்ணுதான். வேலை குடுத்தாக் குடுங்க, இல்லாட்டி பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க."

முருகானந்தம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்தார். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து காலிப் பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தார். பெரிய பாட்டில், ஒன்றே ஒன்று.

"மூணும் இதுல இருந்து ஊத்துனதுதானுங்க. மொதலாளி பேச்சுக்குத் தலையாட்டறதுக்கு எனக்கு ஆள் வேண்டாம்."

அடுத்த மாதமே பெங்களூருக்கு வந்துவிடும்படி சொல்லி, அவளைப் பார்த்துக் கைகூப்பினார். சசிகுமார் யாரிடமும் சொல்லாமல் வெளியேறினான். யுவராஜ் மட்டும் மேஜையில் மிச்சமிருந்த கிளாஸைக் காலி செய்துவிட்டுப் போனான்.

வளப்பூர் நாடு பஸ்ஸில் பாவாயிக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரி, முன் சீட்டுக்காரி, கண்டக்டர் என்று எல்லோரிடமும் கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் சுமதியின் பக்கம் திரும்பினாள்.

"உன்ற மூக்கு இந்த மலையில ஆருக்கு இருக்குது கண்ணு? அந்த மனுசன் அத்தனை மெரட்டியும் அசையாம நின்னியே, எப்படி?"

சுமதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பஸ் இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்காதபடி பாவாயியின் காதருகே குனிந்தாள்.

"காய்ச்சல் வந்து போனதுல இருந்து எனக்கு ஒரு வாசமும் தெரியறதில்லீங்க அண்ணி."