ரெண்டு ஆளுக்கு மாத்திரை

"ஞாயித்துக்கிழமை உங்கப்பாவ வரச் சொல்லியிருக்கேன். நாலு பேர் முன்னாடி பேசி அறுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பரிதி தட்டிலேயே கை கழுவினான்.

அவன் மனைவி சுடர்விழி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து நீட்டினாள்.

"டாக்டரம்மா பயப்பட ஒண்ணுமில்லன்னுதாங்க சொன்னாங்க. நெறையப் பொம்பளைங்களுக்கு வர்ற கிருமிதானாம். நாம ரெண்டு பேரும் மாத்திரை சாப்பிட்டா சரியாயிடுமாம்."

"நான் எதுக்குடி சாப்பிடணும்?"

"ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு வருமாங்க..."

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஆறு மாசம் ஆந்திராவுல அறுவடை மெஷின் ஓட்டிட்டு வந்தவன் நான். உனக்கு யார்கிட்டேருந்து வந்துச்சு?"

அவள் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு தட்டை எடுத்தாள்.

ரெண்டு மாதமாக இந்தப் பாடுதான். அரிப்பு, வெள்ளைப்படுதல், வெளியே சொல்லக் கூசும் வாடை. நடவுக்கு இறங்கினால் சேற்றுத் தண்ணீர் பட்டு எரிந்து தொலைக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்துப் பார்த்தாள். அவன் மூக்கைச் சுளித்தபடி பாயைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மாமியார் அம்சம் அவள் குடிக்கிற டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்தாள்.

நாளாக ஆக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, தான்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டோமோ என்று. செய்யாத தப்புக்கு அழுதுகொண்டிருந்தாள், பாவம்.

மறுநாள் உள்ளூர் மருந்துக்கடையை விட்டுவிட்டு, பஸ் ஏறி மன்னார்குடிக்குப் போனாள். அங்கே தெரிந்த முகம் எதுவும் இருக்காது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையில் பெண்பிள்ளை உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் துணிந்து சீட்டை நீட்டினாள்.

"ரெண்டு ஆளுக்கா?"

"ஆமாக்கா." அவன் சாப்பிடமாட்டான் என்று தெரியும். இருந்தாலும் வாங்கினாள்.

"பில் போடணும், போன் நம்பர் சொல்லும்மா."

ரேஷனிலிருந்து கேஸ் வரைக்கும் அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் புருஷன் நம்பர்தான். அதையே சொன்னாள்.

கடைக்காரப் பெண் கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்தாள்.

"பரிதிங்கறது உன் வீட்டுக்காரராம்மா?"

"ஆமாக்கா. ஏன்?"

"இதே மாத்திரை மே மாசம் ஒம்பதாந்தேதி வாங்கியிருக்காரே, ஒரு ஆளுக்கு மட்டும். அப்பவே உனக்கும் சேர்த்து வாங்கியிருந்தா நீ இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேணாமே?"

அவன் ஆந்திராவிலிருந்து வந்து இறங்கியது மே நாலாம் தேதி. அவளுக்கு அரிப்பு ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

சுடர்விழிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. ஆனால் அழுகை மட்டும் வரவில்லை. அதைத்தான் ரெண்டு மாதமாக அழுது தீர்த்துவிட்டாளே.

மாத்திரையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்.

"அந்தப் பழைய பில்லையும் ஒரு காப்பி எடுத்துக் குடுங்கக்கா. ஞாயித்துக்கிழமை எங்கப்பா வர்றாரு."