தழும்பில்லாத பிள்ளை

"வெட்டினாங்களாம். எங்கடி வெட்டினாங்க?"

ஒரு மாசப் பிள்ளையை வெளிச்சத்துல புரட்டிப் புரட்டிப் பார்த்தா ஒன்சிரி. தாய்லாந்துல, அயுத்தயாவுல அவ தம்பி வீடு. பிள்ளைக்கு முதல் முடி எடுக்கிற நாள். மணிக்கட்டுல வெள்ளை நூல் கட்டி ஆசீர்வாதம் பண்ண வந்த சனமெல்லாம் எட்டிப் பார்த்துச்சு.

பிள்ளையோட நெஞ்சு வழுவழுன்னு இருந்துச்சு. ஒரு கீறல் இல்ல.

நாலு மாசம் முன்னாடி ஒன்சிரியோட அம்மாவுக்குத் தகனம். தம்பி பொண்டாட்டி சலித்தா வரல. வயித்துப் பிள்ளைக்கு நுரையீரல்ல கட்டி, அஞ்சாம் மாசமே வயித்தைத் திறந்து பிள்ளைக்கு ஆபரேஷன்னு பாங்காக்ல படுத்திருந்தா.

ஒன்சிரி அதை நம்பல. அவ மட்டும் தகனத்துக்கு ஒழுங்கா வந்தா. வந்தவ, கடைசி மரியாதையா சவப்பெட்டி மேல சந்தனப்பூ வைக்க வரிசையில நின்ன பொம்பளைங்ககிட்ட ஒன்பது டப்பா அழகு கிரீம் வித்தா. அது வியாபாரம். பாசம் வேற.

சலித்தா பொறுமையா சொல்லிப் பார்த்தா. ஆறு மாசம் ஆகறதுக்குள்ள வயித்துப் பிள்ளைக்குக் காயம் பட்டா, ஒட்டுப் போட்ட மாதிரி ஆறாதாம். புதுத் தோலாவே வளர்ந்து மூடிக்குமாம். டாக்டர் சொன்னாராம்.

ஒன்சிரி உதட்டைச் சுழிச்சா.

"கேட்டுக்குங்க. வெட்டுவாங்களாம், தைப்பாங்களாம், தழும்பு மட்டும் காத்துல போயிடுமாம். மாமியார் சாவுக்கு வராததுக்கு இப்படியும் ஒரு கதை."

சனம் சிரிச்சுச்சு. நூலோட நீண்டிருந்த கைங்க ரெண்டு மூணு மெல்ல மடங்கிச்சு. மாமியாரை வழியனுப்பாத பொய்க்காரி பெத்த பிள்ளைக்கு எதுக்கு ஆசீர்வாதம்?

சலித்தா தன் சட்டையைக் கொஞ்சம் தூக்கினா.

அடிவயித்துல குறுக்க ஒரு கோடு, பிரசவத்துக்குக் கிழிச்சது. அதுக்கு மேல இன்னொண்ணு, தடிச்சு, கறுத்து, விலா ஓரம் வரைக்கும்.

"பிள்ளைக்கு ஆறிடுச்சு அண்ணி. எனக்குத்தான் ஆறல."

சிரிப்பு அடங்கிடுச்சு. மடங்கின கைங்க வேகமா நீண்டுச்சு. அஞ்சு நிமிஷத்துல பிள்ளையோட ரெண்டு கையும் நூலாவே ஆயிடுச்சு.

ஒன்சிரி அந்தக் கறுத்த கோட்டையே பார்த்தா. அப்புறம், பழக்கதோஷம், கை தானா பைக்குள்ள போச்சு. ஒரு டப்பா வெளிய வந்துச்சு.

"இதைத் தடவு, சலித்தா. பதினஞ்சே நாள். வயித்துப் பிள்ளைக்குத் தழும்பே இல்லாம ஆறுதுல்ல, அதே மாதிரி ஆறிடும். நானா சொல்றேன்? டாக்டருங்க கண்டுபிடிச்சது."