பென் டிரைவுக்குள் நானூறு காதுகள்

"பென் டிரைவை மேசை மேல வை!" என்றார் மேனேஜர்.

உம்மணாமூஞ்சி வைத்தார். காது கேட்கும் கருவிகளுக்குச் சத்தம் திருத்துபவர். உம்மணாமூஞ்சி என்பது கடையில் எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பேர். அவருக்கும் தெரியும்.

செருகிப் பார்த்தால், நானூறு வாடிக்கையாளர்களின் ஃபைல்களும் உள்ளே! யார் காதுக்கு எவ்வளவு சத்தம் என்று வருஷக்கணக்காக உட்கார்ந்து திருத்திய அளவுகள்.

"எட்டு இருபத்தஞ்சுக்கு நீ காப்பி பண்ணதை இந்தப் பொண்ணு கதவுக் கண்ணாடி வழியா பார்த்துட்டு நேரா எங்கிட்ட வந்தா. யாருக்கு விக்கப் போறே?"

"யாருக்கும் இல்ல சார்."

"அப்ப எதுக்கு?"

உம்மணாமூஞ்சி சட்டைப் பையிலிருந்து பென் டிரைவின் மூடியையும் எடுத்து வைத்தார்.

பக்கத்தில் நின்ற கம்ப்யூட்டர் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. திருடியவர் ஒரு பொய்யாவது சொல்ல மாட்டாரா?

"எச்சரிக்கைக் கடிதம் வரும். இன்னொரு தடவைன்னா நேரா வீட்டுக்குத்தான்" என்றவர், அவள் பக்கம் திரும்பினார். "புது சாஃப்ட்வேர் பழைய அளவையெல்லாம் அழிச்சிடும்னியே, பேக்கப் எடுத்தாச்சாம்மா?"

"நேத்தே அதுக்கு ஒரு ப்ரோகிராம் எழுதி வச்சுட்டேன் சார். எட்டரைக்குத் தானாவே ஓடி முடிஞ்சிருக்கும்."

சீட்டுக்கு வந்து, எழுதியதைத் திறந்தாள்.

முதல் வரி: புதுசை ஏற்று. இரண்டாவது வரி: பழசை பேக்கப் எடு.

அட, தலைகீழ்! எல்லாம் அழிந்த பிறகு எதை எடுத்திருக்கும்? வெறும் பூஜ்யங்களைத்தான். நானூறு பேரையும் மறுபடி கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும். அதற்குள் இவள் வேலை போயிருக்கும்.

பேக்கப் ஃபோல்டரைத் திறந்தாள். முதல் ஃபைலில் பழைய அளவு. பத்தாவதிலும். கடைசியிலும்!

கண்ணைக் கசக்கிக்கொண்டு வரிகளை மறுபடி படித்தாள். வரிசை தப்புதான். பின்னே, செத்த ஃபைல் எப்படி எழுந்து வந்தது?

ஃபைல்கள் வந்து சேர்ந்த நேரத்தைப் பார்த்தாள். எட்டு நாற்பது.

எட்டு நாற்பதுக்கு அவள் மேனேஜர் அறையில் கோள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எழுந்து போனாள். உம்மணாமூஞ்சி ஒரு கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா... நீங்களா?"

"வந்ததும் உன் ஸ்க்ரீன்ல பார்த்தேன். ஓட அஞ்சு நிமிஷம்தான் இருந்துச்சு. உன்னையும் காணோம். எனக்கு அதை நிறுத்தத் தெரியல; பென் டிரைவ்ல எடுத்து வச்சு, ஓடி முடிஞ்சதும் உன் ஃபோல்டர்ல போட்டேன்."

"இதை சார்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

அவர் நிமிரவில்லை.

"உனக்கு அடுத்த வாரம்தானேம்மா வேலை நிரந்தரமாகுது?"